நீவா ஜோவுக்கு ஒன்றும் தெரியாது

சாவு வீட்டுக்கு வந்து சேரும் சாப்பாட்டை வைத்தே யாருக்கு எவ்வளவு துக்கம் என்று லாரல் ஓடைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை வெர்லீன் வீட்டு மேஜையில் பொரித்த கோழி மட்டும் நாலு வீட்டுக் கோழி. அது போக உருளைக்கிழங்கு சாலட், பன்றிக்கொழுப்பு போட்டுக் குழைய வேகவைத்த பீன்ஸ், சோள ரொட்டி, வாழைப்பழப் புட்டிங். பக்கத்து வீட்டு மிஸ் இமோஜீன் முட்டை கொண்டுவந்தாள். அவித்துப் பிளந்து, மஞ்சள்கருவைக் கடுகு விழுதோடு பிசைந்து மறுபடி அடைத்து, முட்டை உட்காருவதற்கென்றே குழிகுழியாக வார்த்த கண்ணாடித் தட்டில் அடுக்கிய முட்டை. அந்த மாதிரித் தட்டு ஊரிலேயே அவளிடம் மட்டும்தான் இருந்தது. தட்டைக் காட்டுவதற்காகவே அவள் யார் செத்தாலும் முட்டை அவிக்கிறாள் என்று ஒரு பேச்சும் இருந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுத்துண்டில் சொந்தக்காரியின் பெயர். துக்கம் என்ன துக்கமாக இருந்தாலும் பாத்திரம் வீடு திரும்ப வேண்டுமே.

செத்தது வெர்லீனின் ஒரே மகள் நீவா ஜோ. ஒன்பது வயசு. வியாழக்கிழமை மத்தியானம் கொட்டகைப் பரணில், காய்ந்த புல்கட்டுகளுக்கு மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தவள் கீழே சிமெண்டுத் தரையில் விழுந்தாள். அவளுடைய அப்பா ஹாலிஸ் ஓடிவந்து தூக்கும்போதே கழுத்து நிற்கவில்லை.

வந்த பெண்கள் வெர்லீனைச் சுற்றி உட்கார்ந்து, செத்த பிள்ளையைப் புகழ ஆரம்பித்தார்கள். வேறென்ன செய்வார்கள்? ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ட்ருடி மூக்கைச் சிந்திவிட்டுத் தொடங்கினாள்.

"எவ்வளவு அறிவு அந்தப் பிள்ளைக்கு! பெரியவங்களுக்கே அந்த விவரம் கிடையாது. நல்லது எது கெட்டது எதுன்னு அவளுக்கு அப்படித் தெரியும்."

"தெரியாது" என்றாள் வெர்லீன்.

"என்ன வெர்லீன்?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன். போன மாசம்கூட, நிலா நம்ம வண்டி பின்னாலேயே ஓடிவருது, பாவம், நிறுத்தி ஏத்திக்கலாம்னு அழுதா. சுத்த மக்கு."

சவப்பெட்டி இன்னும் வந்து இறங்கவில்லை, பெத்தவள் பிள்ளையை மக்கு என்கிறாள். சாயங்காலத்துக்குள் இந்தச் செய்தி ஓடையின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்றார்கள் சிலர். வெர்லீனுக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் கசப்பு என்றார்கள் மற்றவர்கள்.

மூளையெல்லாம் கலங்கவில்லை. அது அளவுக்கு மீறித் தெளிவாக ஓடிக்கொண்டிருந்ததுதான் அவளுடைய கஷ்டம்.

அவர்கள் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் கிடையாது. பாவம் இன்னதென்று தெரியாத வரைக்கும் பிள்ளையிடம் ஆண்டவர் கணக்குக் கேட்பதில்லை. செத்தால் நேரே அவர் மடிக்குப் போய்விடும். தெரிந்த நாள்முதல் அவரவர் கழுத்துக்கு அவரவரே பொறுப்பு. தானாக எழுந்து, சபை பார்க்க முன்னால் நடந்து போய், போதகர் கையைப் பிடித்து, நான் பாவி, எனக்கு இரட்சிப்பு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஓடையில் முக்கி ஞானஸ்நானம்; முழுக்கு என்பார்கள். சொல்லாமல் செத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். தெரியாத காலம் முடிந்து தெரிந்த காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வாரம் முழுக்க ராத்திரிதோறும் நடந்த எழுப்புதல் கூட்டத்தில், புதன்கிழமை நடந்ததை வெர்லீன் இப்போது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டு மாசத்துப் புழுக்கம். ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் சபை முழுக்க அட்டை விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. வெளியூர்ப் பிரசங்கியார் தொண்டை கட்டும் வரை முழங்கிவிட்டு, கடைசியில் அழைப்புப் பாட்டைத் தொடங்கி, கைகளை விரித்துக்கொண்டு நின்றார். யாராவது எழுந்து வரும்வரை அந்தப் பாட்டு முடியாது. சரணங்கள் தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

நீவா ஜோ எழுந்தாள்.

"அம்மா, நான் போறேன்."

"எங்க, கக்கூஸுக்கா?"

"இல்ல. முன்னால."

வெர்லீன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கால்! ஈஸ்டருக்கு வாங்கிய வெள்ளை ஷூ இப்போது கடிக்கிறதென்று பிரசங்கத்தின்போதே கழற்றி பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டிருந்தாள். வெறுங்கால். விரலிடுக்கெல்லாம் ஓடைச் சேறு. இந்தக் காலோடு நடுப்பாதையில் போய் நிற்பாள், மொத்த ஊரும் பாதத்தைப் பார்க்கும், நாளைக்குக் காலையில் இமோஜீன் வாயில் அது மெல்லப்படும்.

"உக்காரு."

"அம்மா, எனக்கு இங்க என்னமோ பண்ணுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

வெர்லீன் கவுனுக்குப் பின்னால் கட்டியிருந்த நாடா முடிச்சைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு என்னடி தெரியும்? அதுக்கெல்லாம் ஒரு வயசு இருக்கு. உக்காருடி."

முடிச்சு அவிழ்ந்து நாடா கையோடு வந்தது. பிள்ளை உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து சபை வாசலில் கேட்டவர்களுக்கெல்லாம் வெர்லீனிடம் நல்ல பதில் இருந்தது. "விவரம் தெரிஞ்சு போகட்டும். நான் பட்டது போதாதா?" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். காரணம் ஊருக்கே தெரியும். வெர்லீன் ஏழு வயசில் பெரியப்பா மகளுக்குப் பின்னாலேயே ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் போய் முழுக்கு வாங்கி, அது கணக்கில் சேருமா என்று பயந்து பத்தொன்பது வயசில் மறுபடி போய் மறுபடி முழுகியவள். இரட்டை முழுக்கு வெர்லீன் என்றால்தான் ஓடைக் கீழ்முனைக்காரர்களுக்கு அடையாளம் தெரியும். ஆகவே பதில் பொருத்தமாக இருந்தது. ஷூவைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. நீவா ஜோ கோபத்தில் ஷூவைத் தொடாமலேயே இருட்டில் வெறுங்காலோடு வீடுவரை முன்னால் நடந்தாள்.

மறுநாள் அவள் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போதகர் பிரதர் கேட்ஸ் வந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன், யார் செத்தாலும் முதலில் அழுவது அவர்தான். அவரிடம் அடக்கத்துக்கென்று இரண்டு பிரசங்கங்கள் இருந்தன. ஒன்று முன்னால் போய் முழுக்கு வாங்கியவர்களுக்கு. இன்னொன்று சின்னப் பிள்ளைகளுக்கு, அதில் ஆட்டுக்குட்டி வரும். மூன்றாவதும் ஒன்று உண்டு என்பது வயசானவர்களுக்குத் தெரியும். குடித்தே செத்த ஹாலிஸின் அண்ணனுக்கு அதைத்தான் சொன்னார். அந்தப் பிரசங்கத்தில் செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட வராது. உட்கார்ந்திருக்கிறவர்கள் திருந்துவது பற்றியே முழுக்கப் பேசி முடிப்பார்.

"வெர்லீன், நாளைக்கு எதைச் சொல்லணும்னு நீதான்மா சொல்லணும். பாவம், மன்னிப்பு, அந்த மாதிரி பிள்ளை எப்பவாவது உன்கிட்ட பேசினாளா?"

"இல்ல பிரதர். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அன்னிக்கு எழுந்தான்னு சொன்னாங்க..."

"எல்லாரும் எழுந்தாங்கன்னு எழுந்தா. பிரதர், கணக்குக் கேக்குறது எந்த வயசுலேர்ந்து?"

"பன்னிரண்டுன்னு எங்கப்பா சொல்வார். வேதத்துல வயசு போடலம்மா. பிள்ளைக்குப் பிள்ளை மாறும்."

"மாறும்னா எப்படி?"

"கொஞ்சம் மந்தமான பிள்ளைக்கு லேட்டா வரும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு..." அவர் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"அவ மந்தம் பிரதர்" என்றாள் வெர்லீன். "எல்லாருக்கும் தெரியும். நீங்க யாரை வேணும்னாலும் கேளுங்க."

அவர் யாரையும் கேட்கவில்லை. ஆட்டுக்குட்டிப் பிரசங்கம் என்று முடிவாயிற்று.

அவர் வண்டி கிளம்பியதும் மிஸ் இமோஜீன் அடுப்படிக்குள் வந்தாள். ஐம்பத்தைந்து வயசு, விதவை; 'மிஸ்' என்பது அந்த ஊர் மரியாதை. கேள்விப்பட்டதைச் சொல்லாமல் வைத்திருந்தால் அவளுக்கு வயிறு உப்பிவிடும்.

"கண்ணு, உன்கிட்ட சொல்லாம இருக்கலாம்னுதான் பார்த்தேன். வேற யாராவது சொல்றதுக்கு நானே சொல்லிடுறேன். நேத்து ராத்திரிக் கூட்டத்துல அந்த வெளியூர்க்காரர் உன் பிள்ளைய இழுத்துட்டார். புதன்கிழமை இதே பெஞ்சுல ஒரு பிள்ளை உக்காந்திருந்தது, ஆவியானவர் நெஞ்சுக் கதவைத் தட்டினார், அது எழுந்தது, ஆனா வரல, இன்னிக்கு அது எங்கேன்னு கேட்டார். ஒரே அழுகை. திமுதிமுன்னு எல்லாரும் முன்னால ஓடினாங்க. அந்த கோயின்ஸ் பையன் மூணாவது தடவையா போறான்."

வெர்லீன் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த தட்டு. "அது எங்கேன்னா கேட்டார்?"

"ஆமா."

"அதுக்கு அவரே பதில் சொன்னாரா?"

மிஸ் இமோஜீன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. "அவன் கிடக்கிறான் விடு" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு உடுப்பு கேட்டார்கள். வெர்லீன் மஞ்சள் கவுனை எடுத்துக் கொடுத்தாள். ஹாலிஸ் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினான். "அந்த வெள்ளை ஷூ எங்க? எங்கயும் காணோமே."

"வேண்டாம். கடிக்கும்" என்றாள்.

சனிக்கிழமை ட்ருடி நாலு வார்த்தை பேச எழுந்திருப்பாள் என்று தெரிந்து, வெர்லீன் சபை வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ட்ருடி, அவ கெட்டிக்காரின்னு இன்னிக்கு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்தா, அப்புறம் நான் உன் முகத்துல முழிக்க மாட்டேன்." ட்ருடி விக்கித்துப்போய் உட்கார்ந்தவள் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. பிரதர் கேட்ஸ் ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கினார், மேட்டில் ஏற்றினார், தொழுவத்தில் சேர்த்தார். அழாத கண் இல்லை. வெர்லீனுக்கு மட்டும் ஒரு துளி வரவில்லை. அவர் சொன்னதெல்லாம் அவளே முந்தின நாள் சொல்லிக்கொடுத்தது. தன் சொல்லையே இன்னொருத்தர் வாயால் கேட்டு எப்படி மனசு ஆறும்?

பெட்டிக்குப் பின்னால் நடக்கும்போது புதன்கிழமை உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கடந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். இருந்தது. இரண்டு வெள்ளை ஷூவும், கூட்டுகிறவர்கள் யாரோ நேராக்கி வைத்த மாதிரி, சேர்ந்தாற்போல் மேடையைப் பார்த்து இருந்தன. அவள் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும் வாரம். பொதுவாக சொந்தக்காரிகளே வந்து எடுத்துப் போவார்கள், பெத்தவளை நடக்கவிட மாட்டார்கள். வெர்லீன் யாரையும் வரவிடவில்லை. ஒவ்வொன்றாகக் கழுவி, அடியில் பெயரைப் படித்து, தானே வீடு வீடாகக் கொண்டுபோனாள். போன இடமெல்லாம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எங்க நீவா உங்க வீட்டுக்கு வந்தப்ப எப்பவாவது மக்குத்தனமா ஏதாவது செஞ்சாளா? யோசிச்சுச் சொல்லுங்க."

முதலில் எல்லோரும் திகைத்தார்கள். பிறகு, சொன்னால் அவள் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு, தேடித் தேடிச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில் பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணீர் ஊற்றினாள் என்றாள் ஒருத்தி. ரேடியோவுக்குள் பேசுகிற ஆளுக்குப் பசிக்காதா என்று கேட்டாள் என்றார் கடைக்காரர். வெர்லீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா, ஒண்ணும் தெரியாது அதுக்கு." ஆனால் ஒவ்வொரு கதைக்கும் பின்னால் ஒரு 'இருந்தாலும்' வரும். இருந்தாலும் சூட்டிகை, இருந்தாலும் பெரிய மனுஷி மாதிரி பேசுவா. அந்த 'இருந்தாலும்' வாசலுக்கு வருவதற்குள் வெர்லீன் படி இறங்கிவிடுவாள்.

ட்ருடிதான் பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிட்டாள். உருளைக்கிழங்குக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "மக்கா? அவளா?" என்றாள். "தெரியாம செஞ்ச தப்பும், தெரிஞ்சே செஞ்சிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்த தப்பும் ஆண்டவருக்கு ஒண்ணுதானான்னு ஜூலை மாசம் என்னைக் கேட்டா. எனக்கே பதில் தெரியல வெர்லீன்."

"பாடப் புத்தகத்துல இருந்திருக்கும்."

"இல்ல."

"இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே நடந்து வந்தது.

ஹாலிஸ் காதுக்கு எல்லாம் எட்டியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஊரெல்லாம் போய் எம்மகளை மக்கு மக்குன்னு சொல்லிட்டு வர்றியாமே. பிள்ளைய புதைச்சாச்சு. அவ பேரையும் புதைக்கணுமா உனக்கு?"

"அவ மக்கா இருந்தாத்தான்..." வெர்லீன் பாதியில் நிறுத்தினாள். ஷூ விஷயத்தை இப்போதாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். "உங்களுக்குப் புரியாது."

"எனக்கு ஒண்ணு புரியும். அவ கெட்டிக்காரி." அவன் எழுந்து கொட்டகைப் பக்கம் போனான். பரணுக்கு ஏறும் ஏணியை அவன் அடக்கம் முடிந்த அன்றே வெட்டிப் போட்டாயிற்று. ஆனாலும் போனான்.

மிச்சம் இருந்தது முட்டைத் தட்டு ஒன்றுதான். பக்கத்து வீடு. அதைத்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும்; மிஸ் இமோஜீன் பிடிகொடுக்கவில்லை. ரோட்டில் கோழி போனால்கூட ஜன்னலுக்கு வருகிறவள், வெர்லீன் தலை தெரிந்ததும் உள்ளே போய்விடுகிறாள். சபையிலும் இடம் மாறி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரல் ஓடையில் இதைக் கவனிக்காதவர் கிடையாது. இமோஜீனிடம் கேட்டுத்தான் எதையும் தெரிந்துகொள்ளும் ஊர், இமோஜீனைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தவித்தது.

ஒரு காலையில் வெர்லீன் தட்டோடு அவள் வீட்டுப் பின்வாசலுக்கே போனாள். அங்கே, படிக்குப் பக்கத்தில், ரஸ்டி படுத்திருந்தது. மிஸ் இமோஜீனின் செம்மண் நிறத்து நாய். ஜூலையில் முட்டை திருடிக் குடிக்கிறதென்று விறகுக்கட்டையால் அடி வாங்கி, மலைக்கு அந்தப்பக்கம் அவளுடைய தம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாய்.

"ரஸ்டி எப்ப வந்தது மிஸ் இமோஜீன்?"

வலைக்கதவுக்குப் பின்னால் மிஸ் இமோஜீன் நின்றாள். இனி ஓட இடமில்லை. "போன வாரம். நானே போய்க் கூட்டிட்டு வந்தேன்."

"முட்டை குடிக்கிற நாயைத் திரும்பக் கூட்டிட்டு வருவாங்களா யாராவது?"

"உள்ள வா, கண்ணு" என்றாள் மிஸ் இமோஜீன். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

வெர்லீன் அடுப்படி நாற்காலியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "எங்க நீவா மக்குத்தனமா..."

"வெர்லீன், என்னைக் கேக்காத."

"எல்லாரும் சொன்னாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி."

மிஸ் இமோஜீன் மேஜையில் இல்லாத துணுக்குகளை உள்ளங்கையால் கூட்டிக் குவித்தாள். "ரஸ்டி முட்டை குடிக்கல. உன் பிள்ளைதான் எடுத்திருக்கா. பொம்மைக்கு மண்ணுல கேக் செய்றதுக்கு. நான் கத்தினதும் பயந்துபோய், ரஸ்டி குடிச்சுது, நான் பார்த்தேன்னுட்டா. நானும் நம்பிட்டேன். அந்த வியாழக்கிழமை காலைல வந்தா. இதோ, இங்கதான் நின்னா. மிஸ் இமோஜீன், ரஸ்டி இல்ல, நான்தான்னு சொன்னா. நீங்க அதை அடிச்சப்ப நான் வேலிகிட்டயே நின்னேன், வாயே திறக்கலன்னா. தேம்பித் தேம்பி அழுதா கண்ணு. ஆண்டவர் இதை என்கிட்ட கேப்பாரான்னு கேட்டா."

வெளியே ரஸ்டி வாலைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிருக்கு" என்றாள் வெர்லீன்.

"அப்படிப் பார்க்காத. மனசு உடைஞ்சு அழுதா. அதுதானே வேணும்? முன்னால நடக்கிறதெல்லாம் நாம பார்க்கத்தானே?"

"எல்லாம் தெரிஞ்சிருக்கு அவளுக்கு. நீங்க என்ன சொன்னீங்க?"

மிஸ் இமோஜீன் மறுபடி மேஜையைக் கூட்டினாள்.

"ஆண்டவர் கேப்பாரான்னு கேட்டாளே, மிஸ் இமோஜீன். நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

மிஸ் இமோஜீனின் கண் சுவரிலிருந்த டெலிபோனுக்குப் போயிற்று. ஒரே கம்பியில் எட்டு வீடு; யார் வீட்டுக்கு மணி அடித்தாலும் எல்லா வீட்டிலும் அடிக்கும், யாருக்கென்பது அடிக்கிற விதத்தில் தெரியும். எடுத்துக் கேட்கக் கூடாது என்பது மரியாதை. மிஸ் இமோஜீனின் மரியாதை எப்படிப்பட்டது என்று எட்டு வீட்டுக்கும் தெரியும்.

"என் கையில அது இருந்தது" என்றாள். "கோயின்ஸ் வீட்டு மருமக அவ அம்மாகிட்ட மாமியாரைப் பத்திப் பேசிட்டிருந்தா. நல்ல கட்டம். இப்படி வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கிட்டு உன் பிள்ளைகிட்ட சொன்னேன். சின்னப் பிள்ளைக்கெல்லாம் பாவம் கிடையாது கண்ணு, போய் விளையாடுன்னேன்." அவள் முகம் கோணிக்கொண்டது. "போய் விளையாடுன்னேன் வெர்லீன். சரின்னு போயிட்டா."

கொட்டகை அந்த அடுப்படி ஜன்னலிலிருந்தே தெரியும். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெர்லீன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்கிட்ட வந்தா. உக்காருன்னேன். உங்ககிட்ட வந்தா. போன்னீங்க. வயசு பத்தாதுன்னு நான் நிறுத்தல மிஸ் இமோஜீன். கால்ல ஷூ இல்ல. சேத்துக் காலோட போறாளேன்னு..."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் பின் பெஞ்சுலதானே இருந்தேன். கால் தெரிஞ்சுது. ஷூவைக்கூட நான்தான் நேரா வச்சேன். எடுத்துட்டு வந்து உன் கையில கொடுக்க எனக்குத் தைரியம் வரல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல" என்றாள் மிஸ் இமோஜீன். வெர்லீன் அவள் முகத்தையே பார்த்தாள். சொல்லியிருந்தால் ஊரே தன்னிடம் வந்து அதையும் சேர்த்துத் துக்கம் விசாரித்திருக்கும். யாரும் விசாரிக்கவில்லை. சொல்லவில்லைதான்.

வெர்லீன் மடியிலிருந்த தட்டின் குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தாள். முகம் கழுவி விட்ட சுவர் மாதிரி இருந்தது.

"அன்னிக்கு அவகிட்ட சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"சின்னப் பிள்ளைக்கு..."

மிஸ் இமோஜீனுக்குப் புரிய கொஞ்சம் நேரம் ஆயிற்று. "சின்னப் பிள்ளைக்கெல்லாம்" என்று தொடங்கி, மூக்கை உறிஞ்சினாள். "சின்னப் பிள்ளைக்கெல்லாம் பாவம் கிடையாது கண்ணு."

"நிஜமாவா?"

"நிஜமா."

"இன்னொரு தடவை."

சொன்னாள். நடுவில் டெலிபோன் மணி அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை. கோயின்ஸ் வீட்டு மணி. மிஸ் இமோஜீன் அசையவில்லை. அடித்து அடித்து, யாரோ எடுத்து, நின்றது. வெர்லீன் ஒவ்வொரு தடவையும், ஒப்பிப்பதற்காகப் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி, உதடு அசைய அசையக் கேட்டாள். நம்பினாளா என்றால், அது அவளுக்கே தெரிந்திருக்காது. கிளம்பும்போது தட்டை வைக்க மறந்து கையோடு கொண்டுபோய்விட்டாள்.

மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். உட்கார்ந்தாள், கேட்டாள், மிஸ் இமோஜீன் சொன்னாள், தட்டோடு திரும்பிப் போனாள். அதற்கடுத்த நாளும். குளிர் வந்து, புகையிலை உலர்ந்து, ஓடையில் பனிக்கட்டி கட்டிய பிறகும் அந்தத் தட்டு வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் போய்க்கொண்டுதான் இருந்தது. பெரிய தட்டுக்காரி, ஒரு தட்டைத் திருப்பி வாங்கத் துப்பில்லையா என்று ஊரில் சிரித்தார்கள். உள்ளே அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று பலவிதமாகத் தூண்டில் போட்டும் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை.

ஜனவரியில் பெரியவர் கோயின்ஸ் செத்தார். மிஸ் இமோஜீன் சாவு வீட்டுக்கு முட்டையைச் சாதாரண பீங்கான் தட்டில் கொண்டுவந்தாள். மேஜையில் வைப்பதற்குள் முட்டை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வழுக்கி, மஞ்சள் எல்லாம் விளிம்பில் அப்பிக்கொண்டது.

"உங்க குழித்தட்டு எங்க மிஸ் இமோஜீன்?" என்று கேட்டார்கள்.

"இருக்கு" என்றாள்.